இடப்பக்கத்துச் சத்தம்

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான் உயிரோடு, அரைகுறைத் தூக்கத்தோடு இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய்? முட்டிவலி குறைந்ததா? உன் செல்ல மகள் வாலு இப்போதாவது காலையில் தானாக எழுந்திருக்கிறாளா, இல்லை இன்னும் நீதான் போர்வையை உருவிக்கொண்டிருக்கிறாயா?

நீ சொன்னபடி கடை முகவரிக்கே எழுதுகிறேன். போனில் பேசலாம் என்றால் உன் இரண்டு அறை வீட்டில் வாலு காதில் விழாமல் ஒரு வார்த்தை பேச முடியாது. நானோ எடிட்டிங் அறைக்குள் போனையே கொண்டுபோகக் கூடாது, படம் வெளியே கசிந்துவிடுமாம். காலையில் நுழைந்தால் ராத்திரிதான் வெளியே வருகிறேன். சூரியனைப் பார்த்தே வாரக்கணக்காகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். படம் முடிந்துவிட்டது. போன வருடம் உன்னிடம் அனுமதி கேட்டேனே, அந்தப் படம். புருஷன் பெண்டாட்டியை அடிப்பதும் அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியேறுவதும் டைரக்டர் எழுதிய கதையிலேயே இருந்தது. அவளுக்குக் காது போவது மட்டும் இல்லை. காதை நான்தான் சொன்னேன். யாருடைய காது என்று அவருக்குத் தெரியாது.

இப்போது படத்தில் நாலு அடி. நாலாவது விழுந்ததும் நீ சொன்ன அந்தச் சத்தம் வரும், தூரத்தில் மணி அடித்து அடங்குகிற மாதிரி. அது அடங்கியதும் தியேட்டரின் இடப்பக்கத்து ஸ்பீக்கர்கள் எல்லாம் நின்றுவிடும். அதன்பிறகு படம் முடிகிறவரை, ஒரு மணி பத்து நிமிடம், அந்தப் பக்கமிருந்து ஒரு முணுமுணுப்புகூட வராது. ஏதோ குறைகிறதே என்று ஜனங்கள் நெளிந்துகொண்டிருக்கும்போது ஆஸ்பத்திரிக் காட்சி வரும். "இந்தக் காது இனிமே கேக்காதும்மா" என்று டாக்டர் சொல்வார். அப்போதுதான் எல்லோருக்கும் உறைக்கும்.

டைரக்டருக்குப் போட்டுக் காட்டினேன். விளக்கு போட்ட பிறகும் மனிதர் இடது காதைத் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். "தம்பி, இதுல யாரும் கை வைக்கக் கூடாது. நான் விடமாட்டேன்" என்றார். பத்து வருடமாக அடுத்தவர் படங்களை வெட்டி ஒட்டுகிறேன். இதை மட்டும் எனக்காகச் செய்தேன் என்று தோன்றுகிறது. உனக்காகவும்.

பதில் எழுது. வாலுவுக்கு என் சார்பில் ஒரு குட்டு வை.

உன் தம்பி

*

ஜனவரி 27

அன்புள்ள தூங்குமூஞ்சிக்கு,

நாங்கள் இருவரும் சௌக்கியம். முட்டிவலி என்னை விட்டுப் பிரிய மனமில்லாமல் கூடவே இருக்கிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்கமாட்டேன், கேட்டால் பொய் சொல்வாய்.

மதியம் கடையில் ஆள் குறைந்த நேரத்தில் இதை எழுதுகிறேன். காலையிலிருந்து பதினேழு பேருக்குக் கண்ணாடி மாட்டி, "இது தெளிவா, அது தெளிவா" என்று கேட்டு என் வாய் ஓய்ந்துவிட்டது. யார் வந்தாலும் என் வலப்பக்கத்து நாற்காலியில்தான் உட்காரவைக்கிறேன். முதலாளிக்கு அது ஏன் என்று இன்றுவரை தெரியாது. ராசி பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். வாலுவுக்கும் சின்ன வயதிலிருந்தே என் வலப்பக்கம்தான் பழக்கம். தெருவில் ஹார்ன் அடித்தால் நான் எப்போதும் எதிர்ப்பக்கம் திரும்பிப் பார்ப்பதை அவள் தோழிகளிடம் நடித்துக் காட்டுகிறாள். நானும் சேர்ந்து சிரிக்கிறேன்.

நீ எழுதியதை நாலு முறை படித்தேன். அந்த ஒரு மணி பத்து நிமிடம் எனக்கு எந்த வித்தியாசமும் தெரியப்போவதில்லை, நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது.

இனி சிரிப்பில்லாத விஷயம். ஜூன் பதினெட்டில் வாலுவுக்குப் பதினாறு முடிகிறது. அவள் அப்பா ஏற்கெனவே நீதிமன்றத்தில் மனுப் போட்டிருக்கிறார், பெண்ணைத் தன்னோடு அனுப்பச் சொல்லி. பதினாறு ஆனால் நீதிபதி அவளையே கேட்பார், யாரிடம் இருக்க விருப்பம் என்று. இப்போது வாரம் மூன்று முறை அவளுக்குப் போன் வருகிறது. போன மாதம் சைக்கிள் வந்தது. "அப்பா எவ்வளவு அமைதியா பேசறாரு தெரியுமா? நீதான்மா அவரைப் புரிஞ்சுக்கல" என்கிறாள்.

நான் எப்படிச் சொல்வேன்? காது காய்ச்சலில் போனது என்று அவளுக்கு மூன்று வயதிலிருந்து சொல்லி வளர்த்தவள் நான்தானே. இப்போது போய், இல்லை, உன் அப்பா அடித்ததில் போனது என்றால், வழக்குக்காகக் கதை கட்டுகிறேன் என்பாள். அவள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் சொல்வேன்.

அதனால்தான் உன் படத்தை நம்பியிருக்கிறேன். நான் வாயைத் திறக்க வேண்டாம். அவள் பார்க்கட்டும். பார்த்துவிட்டு அவளே கேட்டால், ஆமாம் என்று ஒரே ஒரு வார்த்தை சொல்வேன். அந்த ஒரு வார்த்தைக்கு எனக்குத் தெம்பிருக்கிறது.

ஆனால் அவளுக்குப் பதினைந்துதான். தியேட்டரில் உள்ளே விடுவார்களா? பிள்ளைகளும் பார்க்கிற மாதிரி சான்றிதழ் வாங்க ஏதாவது வழி உண்டா? விசாரித்து எழுது.

அன்புடன்,
அக்கா

*

பிப்ரவரி 14

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதம் வந்த நாளிலிருந்து சட்டைப்பையில்தான் இருக்கிறது. உன் முட்டிக்கு ஒரு தைலம் அனுப்பியிருக்கிறேன். வாசனைக்கு வாலு மூக்கைப் பிடிப்பாள், பொறுத்துக்கொள்ளச் சொல்.

தணிக்கைக் குழுவுக்குப் படத்தைப் போட்டுக் காட்டினோம். பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் என்று சொல்லிவிட்டார்கள். தயாரிப்பாளர் முகத்தைப் பார்க்கவேண்டுமே. பள்ளி விடுமுறையில் வெளியிடுவதாக அவர் தியேட்டர்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். "பெரியவங்க மட்டும்னா ஒருத்தன் தனியா வந்து ஒரு டிக்கெட் வாங்குவான். குடும்பமா வந்தா நாலு. டிவிக்காரனும் இந்தச் சான்றிதழைப் பார்த்தா கிட்ட வரமாட்டான்" என்று மேசையில் தாளம் போட்டுக்கொண்டே சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "என்ன பண்ணா பன்னிரண்டு வயசுச் சான்றிதழ் கிடைக்கும்னு கேட்டுட்டு வா தம்பி" என்றார்.

கேட்டுவிட்டு வந்தேன். சில இடங்களில் கொஞ்சம் மட்டுப்படுத்தினால் போதுமாம். கொஞ்சம் ரத்தம், ஒரு வசவு, அப்படி இப்படி. மொத்தம் பதினோரு நிமிடம். செய்தால் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள்கூடப் பார்க்கலாம்.

ஆக வாலுவும் பார்க்கலாம். நீ கேட்ட வழி கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்.

பரீட்சை நேரம், அவளைப் படிக்கச் சொல். நீ அதிகம் யோசிக்காதே.

உன் தம்பி

*

பிப்ரவரி 28

அன்புள்ள தம்பிக்கு,

தைலம் வந்தது. வாலு மூக்கைப் பிடிக்கவில்லை, வீட்டை விட்டே ஓடிவிட்டாள். எனக்குப் பரவாயில்லை, முட்டி மடங்குகிறது. நீ நலமாக இருக்க வேண்டும்.

உன் கடிதம் படித்ததும் பெரிய பாரம் இறங்கியது. எத்தனை நாளுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன் என்று எனக்கே தெரியாது. ரத்தம் போனால் போகட்டும். எனக்கு அன்று ரத்தமே வரவில்லை. வந்திருந்தால் யாராவது நம்பியிருப்பார்கள்.

ஒன்றை மட்டும் தெளிவாக எழுது. காது இருக்கிறதல்லவா? இடப்பக்கம் நிற்பதும் ஆஸ்பத்திரியும் அப்படியே இருக்கின்றனவா? பதினோரு நிமிடம் என்றாயே, எதெல்லாம் என்று எழுதவில்லை. எனக்குப் படத்தொழில் தெரியாது. ஆனால் என் கடையில் பதினோரு நிமிடத்தில் ஒரு மனிதனுக்கு இரண்டு கண்ணையும் சோதித்துவிடுவேன்.

அவர் விடுமுறைக்கு வாலுவை ஊருக்கு அழைத்திருக்கிறார். படம் பார்த்த பிறகு பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டிருக்கிறேன். உடனே பதில் போடு.

அன்புடன்,
அக்கா

*

ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுத ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. முதுகு பிடித்துக்கொண்டு நாலு நாள் படுத்திருந்தேன், இப்போது தேவலை. நீங்கள் சௌக்கியம்தானே?

கண்ணும் கொஞ்சம் மங்கலாகத் தெரிகிறது. இங்கே ஒருவரிடம் சோதித்த சீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். உன் கடையிலேயே ஒரு கண்ணாடி போட்டு அனுப்பு. சட்டம் நீயே பார்த்து எடு, என் மூஞ்சி உனக்குத் தெரியாததா.

படம் மே முதல் வாரம் வெளியாகிறது. சான்றிதழ் பன்னிரண்டு வந்துவிட்டது. தயாரிப்பாளர் எல்லோருக்கும் கைகொடுத்தார். இடப்பக்க ஸ்பீக்கர் விஷயமாகத் தியேட்டர்க்காரர்கள் கொஞ்சம் முணுமுணுத்தார்கள், ஏதோ பழுது என்று ஜனங்கள் சண்டைக்கு வருவார்களாம். அதெல்லாம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

மற்றதெல்லாம் நேரில் பார்க்கும்போது. வேலை தலைக்கு மேல் கிடக்கிறது.

உன் தம்பி

*

ஏப்ரல் 19

அன்புள்ள தம்பிக்கு,

நலம், உன் முதுகு நலமா? கண்ணாடி அனுப்பியிருக்கிறேன். உன் மூக்கு இடது பக்கம் கொஞ்சம் சாய்ந்திருப்பதால் காம்பை வளைத்துவிட்டிருக்கிறேன், நீ இழுத்து நேராக்கிவிடாதே. சீட்டைப் பார்த்தால் உன் கண்ணுக்குப் பெரிய கோளாறு ஒன்றும் இல்லை.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. மறந்திருப்பாய் என்று வைத்துக்கொள்கிறேன். சின்ன வயதில் பாத்திரத்தை உடைத்துவிட்டால், நான் கேட்காமலே எனக்குத் தண்ணீர் மொண்டு வந்து கொடுப்பாய். தைலம் வந்தபோது எனக்கு அந்த ஞாபகம் வரவில்லை. இப்போது வருகிறது. அப்படியெல்லாம் ஒன்றும் இருக்காது, எனக்குத்தான் வர வர எதைப் பார்த்தாலும் சந்தேகம்.

இரண்டாம் நாள் பகல் காட்சிக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன். வாலுவுக்கு ஒரே குஷி, மாமா படம் என்று வகுப்பு முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறாள். என் வலப்பக்க நாற்காலி அவளுக்கு.

அன்புடன்,
அக்கா

*

மே 10

தம்பிக்கு,

நலம் விசாரிக்கத் தோன்றவில்லை. நீ நன்றாக இருப்பாய்.

படம் பார்த்தோம். அரங்கு நிறைந்த கூட்டம். எனக்கு முன்வரிசையில் ஒரு குடும்பம், கைக்குழந்தையோடு.

அந்தக் காட்சி வந்தது. புருஷன் கையை ஓங்கினான். ஒரு சத்தம். உடனே ஜன்னலைக் காட்டினார்கள், திரைச்சீலை ஆடியது. அடுத்துப் பார்த்தால் காலை. அவள் முடிந்த தலையோடு துணி மடித்துக்கொண்டிருக்கிறாள். அவன் கதவோரம் நின்று அழுகிறான். அந்த நடிகன் நன்றாக அழுதான். எனக்கே ஒரு கணம் பாவமாக இருந்தது.

ஆஸ்பத்திரி பின்னால் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. சரி, பதினோரு நிமிடத்தில் அது போய்விட்டது, சத்தமாவது இருக்குமே என்று நினைத்தேன். எனக்கு எப்படித் தெரியும்? நான் பார்க்கிற எந்தப் படத்துக்கும் இடப்பக்கம் கிடையாது. அதனால் நான் திரையைப் பார்க்கவில்லை, ஒரு மணி நேரம் வாலு முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது காதைத் தொடுவாள், இப்போது திரும்பிப் பார்ப்பாள் என்று. அவள் நிம்மதியாகப் படம் பார்த்தாள்.

வெளியே வந்து படியிறங்கும்போது கேட்டேன்.

"சத்தமெல்லாம் எப்படிடி இருந்துச்சு?"

"சூப்பரா இருந்துச்சும்மா. சுத்தி எல்லாப் பக்கமும்."

"இடது பக்கமும் கேட்டுச்சா?"

"கேக்காம? மழைச் சத்தம் வந்துச்சே, அந்தப் பக்கம்தான் நல்லாவே இருந்துச்சு. ஏன்மா?"

ஒன்றுமில்லை என்றேன். கொஞ்ச தூரம் நடந்த பிறகு அவளாகவே சொன்னாள்.

"பாவம்மா அந்த ஆளு. ஒரே ஒரு அடி, அதுக்கு எத்தனை தடவை மன்னிப்பு கேட்டான். அந்தம்மாவுக்குத்தான் ரொம்ப வீம்பு. பிள்ளையைத் தூக்கிக்கிட்டு அப்படியா போவாங்க?"

வீட்டுக்கு வந்ததும் அவருக்குப் போன் செய்தாள். விடுமுறைக்கு வருகிறேன் என்றாள். நேற்றுக் காலை பஸ் ஏற்றிவிட்டேன். ஜன்னல் வழியாகக் கையை ஆட்டிக்கொண்டே போனாள்.

நீ வெட்டியதற்காக நான் எழுதவில்லை. உன் மேலே முதலாளி இருக்கிறார், என் மேலேயும் இருக்கிறார். பிள்ளைகளும் பார்க்கிற மாதிரி செய் என்று கேட்டவளும் நான்தான். ஆனால் பிப்ரவரியில் நான் கேட்டபோது, "இல்லை அக்கா" என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். நான் வேறு ஏதாவது யோசித்திருப்பேன். இப்போது யோசிக்கவும் அலுப்பாக இருக்கிறது.

அக்கா

*

மே 24

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் என்று எழுத எனக்கும் கை வரவில்லை. நீ என்ன சாப்பிடுகிறாய், தூங்குகிறாயா என்று தெரியாமல் இரண்டு வாரமாகத் தவித்துக்கொண்டிருக்கிறேன்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். தணிக்கைக் குழுவில் ஒரு அம்மா இருந்தார், மரியாதையானவர், கையில் பட்டியல். "அடிக்கிறது பிரச்சினை இல்ல தம்பி. அதுக்கப்புறம் அந்தப் பொண்ணு படற பாடுதான் பிள்ளைங்களுக்கு ஆகாது" என்றார். நாலு அடி ஒன்றாக வேண்டும். வலி தெரியக் கூடாது. ஆஸ்பத்திரி கூடாது. பட்டியலை வாங்கிப் படித்துவிட்டுத் தயாரிப்பாளர் சிரித்தார். "அடி இருக்கட்டும், வலி வேணாம். அவ்வளவுதானே?" என்றார்.

விடமாட்டேன் என்ற டைரக்டர் அடுத்த படத்துக்குக் கையெழுத்துப் போட்டிருந்தார், அந்தப் பக்கமே வரவில்லை. ஆஸ்பத்திரி போன பிறகு இடப்பக்கம் நிற்பதற்குக் காரணமே இல்லாமல் போயிற்று. பழுது மாதிரிதான் தெரிந்தது. ஒரு மத்தியான வேளையில் அந்தப் பக்கத்துச் சத்தத்தையெல்லாம் நானே திரும்ப ஏற்றினேன். என் கையால். நான் மாட்டேன் என்றால் வேறு ஒருவன் செய்வான் என்று சொல்லிக்கொண்டேன். வாலு பார்ப்பதற்காகத்தானே என்றும் சொல்லிக்கொண்டேன். ஒரு மாதம் உனக்கு எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன். கடைசியில் கண்ணாடி வேண்டும் என்று எழுதினேன்.

படம் நன்றாக ஓடுகிறது. பாராட்டிப் போன் வந்துகொண்டே இருக்கிறது.

இன்னொன்று இருக்கிறது. பதின்மூன்று வருடமாகச் சொல்லாதது. அன்று நான் உன் வீட்டு முன்னறையில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். நான் வெளியே போயிருந்ததாக நீ நினைத்திருப்பாய். நானும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். வாலு தரையில் உட்கார்ந்து என் பேனா மூடியை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். உள்ளே முதல் அடி விழுந்தது. எழுந்தேன். கதவுவரை போனேன். திரும்பி வந்து ரேடியோ சத்தத்தைக் கூட்டினேன். குழந்தை காதில் விழக் கூடாதே என்று. அன்றும் வாலுவுக்காக என்றுதான் சொல்லிக்கொண்டேன்.

முழுப் படம் என்னிடம் ஒரு பிரதி இருக்கிறது. யாருக்கும் தெரியாமல் எடுத்து வருகிறேன். அவளுக்குப் போட்டுக் காட்டலாம். நீ சரி என்று ஒரு வார்த்தை எழுது.

உன் தம்பி

*

ஜூன் 2

அன்புள்ள தம்பிக்கு,

நலம். தூங்குகிறேன், சாப்பிடுகிறேன், கடைக்குப் போகிறேன். நீயும் ஒழுங்காகச் சாப்பிடு.

ரேடியோ விஷயம் எனக்குத் தெரியும். வலது காது அன்றும் நன்றாகத்தான் கேட்டது. ஒருவன் செய்தி வாசித்துக்கொண்டிருந்தான். இரண்டாவது அடிக்கும் மூன்றாவது அடிக்கும் நடுவில் அவன் குரல் பெரிதாயிற்று.

நீ வருவாய் என்று நினைத்தேன். வரவில்லை. பத்தொன்பது வயதுப் பையன், பயந்துவிட்டான் என்று அந்த வாரமே மன்னித்துவிட்டேன். முப்பத்திரண்டு வயதுக்காரனை இன்னும் மன்னிக்கவில்லை, அதற்குக் கொஞ்ச நாள் ஆகும். ஆகட்டும்.

படப் பிரதி வேண்டாம். அதை எடுத்துவந்து உன் வேலைக்கு உலை வைத்துக்கொள்ளாதே. யோசித்துப் பார்த்தால் நானும் உன் தொழிலைத்தான் செய்திருக்கிறேன். காய்ச்சல் என்று சொன்னது யார்? குழந்தைக்கு ஆகாது என்று நானே வெட்டி, நானே ஒட்டி, பதின்மூன்று வருடம் அவளுக்கு ஓட்டிக் காட்டியிருக்கிறேன். அதைச் சொல்லாமல் உன்னை மட்டும் திட்டுவது நியாயமில்லை.

எனக்கு வேண்டியது படம் இல்லை, நீ. அன்று அந்த வீட்டில் இருந்தவன் நீ ஒருவன்தான். வாலு பன்னிரண்டாம் தேதி திரும்புகிறாள். பதின்மூன்றாம் தேதி வந்து என் முன்னால், அவளுக்கு எதிரே உட்கார்ந்து சொல். நாலு அடியையும் சொல். ரேடியோவையும் சொல். அதை விட்டுவிட்டால் அவள் உன்னையும் நம்பமாட்டாள்.

கண்ணாடி பொருந்தியிருக்கிறதா? வரும்போது போட்டுக்கொண்டு வா, பார்க்கிறேன்.

அன்புடன்,
அக்கா

*

ஜூலை 3

அன்புள்ள மாமாவுக்கு,

நானும் அம்மாவும் நலம். நீங்கள் நலமா? கடிதம் இப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று உங்கள் பழைய கடிதங்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அம்மா எல்லாவற்றையும் என்னிடம் படிக்கக் கொடுத்துவிட்டாள். இது அவளுக்குத் தெரியாமல் எழுதுவது.

அன்று நீங்கள் சொல்லி முடித்ததும், "எல்லாரும் சேந்து கேஸுக்காகக் கதை கட்டறீங்க" என்று கத்திவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். நீங்கள் கிளம்பும்போதும் வரவில்லை. அதற்கு நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. எனக்கு இன்னும் கோபம்தான். நீங்கள் எல்லோரும் ஆளுக்குக் கொஞ்சம் மறைத்து, எனக்கு ஒரு பன்னிரண்டு வயதுச் சான்றிதழ் கொடுத்து வைத்திருந்தீர்கள். பரீட்சைக்குப் படித்த பையன் எழுந்து கதவுவரை போய்த் திரும்பினான் என்று நீங்கள் சொன்னபோதுதான், இது கட்டின கதை இல்லையோ என்று முதலில் தோன்றியது. பொய் சொல்கிறவர்கள் அந்த இடத்தைச் சேர்க்கமாட்டார்கள்.

மறுநாள் அப்பாவுக்குப் போன் செய்தேன். விடுமுறை முழுக்க அவர் என்னிடம் நல்லபடியாகத்தான் இருந்தார். அதனால் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

"அம்மாவுக்குக் காது எப்படிப்பா போச்சு?" என்று கேட்டேன்.

"ஒரே ஒரு அடிதான்டா. அதுவும் கோபத்துல" என்றார்.

"நான் காது எப்படிப் போச்சுன்னுதான் கேட்டேன்பா. அடிச்சீங்களான்னு கேக்கவே இல்லையே" என்றேன். அவர் ஏதேதோ சொன்னார். உங்கள் படத்தில் அந்த ஆள் கதவோரம் நின்று சொல்வது மாதிரியே இருந்தது. அந்த ஆள் மேல் நான்தானே பாவப்பட்டேன்.

நீதிபதியிடம் அம்மாவோடு இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அம்மா வீட்டுக்கு வந்து வெகுநேரம் பாத்திரம் தேய்த்துக்கொண்டே இருந்தாள், தேய்த்த பாத்திரத்தையே.

போன சனிக்கிழமை உங்கள் படத்துக்கு மறுபடி போனேன், தனியாக. இன்னும் ஓடுகிறது. பையில் பஞ்சு கொண்டுபோயிருந்தேன். அவன் கை ஓங்குகிற இடம் வந்ததும் உருட்டி இடது காதில் நன்றாக அடைத்துக்கொண்டேன், அதன்மேல் விரலையும் வைத்துக்கொண்டேன். கடைசிவரை எடுக்கவில்லை. மழை வந்தது, பாதி மழைதான் வந்தது. யார் எந்தப் பக்கமிருந்து பேசுகிறார்கள் என்றே தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவர் என்னிடம் ஏதோ கேட்டிருக்கிறார், தோளைத் தட்டிய பிறகுதான் தெரிந்தது. ஒரு மணி நேரத்தில் எனக்குத் தலை விண்விண் என்று வலித்தது. அந்தம்மாவுக்கு வீம்பு ஒன்றும் இல்லை மாமா.

வெளியே வந்தும் பஞ்சை எடுக்க மறந்துவிட்டேன். ரோட்டைக் கடக்கும்போது ஹார்ன் அடித்தது. சட்டென்று வலப்பக்கம் திரும்பிப் பார்த்தேன். அங்கே ஒன்றுமே இல்லை. வண்டி இடப்பக்கம், என் இடுப்பை உரசுகிற மாதிரி வந்து நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, "ஏம்மா, காது கேக்காதா?" என்று கத்தினார்.

"இந்தப் பக்கம் கேக்காது" என்றேன்.

இதை அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள், ரோட்டைக் கடக்கத் தெரியவில்லை என்று திட்டுவாள். உங்கள் முதுகு எப்படி இருக்கிறது? அடுத்த முறை வரும்போது நான் கதவைச் சாத்தமாட்டேன்.

இப்படிக்கு,
வாலு